பதினோராயிரம் டூப்ளிகேட் பாட்டுகள்

புதுச்சாவடியில் ரேடியோ செட் உச்சிமாகாளி தன்னுடைய ஹார்டு டிஸ்கிலிருந்து டூப்ளிகேட் பாட்டுகளை அழித்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில். மறுநாள் காலை ஆறரை மணிக்கு லூர்துமேரி டீச்சர் தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்சியைத் திருகியபோது அது வழக்கமான கத்தலைக் கத்தாமல், உடுக்கைச் சத்தத்தோடு ஒரு ஐயப்பன் பாட்டை முதல் சரணம் வரைக்கும் பாடி, சட்னி அரைபட்டதும் நின்றது. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார், மூடியைத் திறந்து சட்னியை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு சரியாக இருந்தது. அதனால் நாலு இட்லியை டப்பாவில் அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எட்டு மணிக்குள் விஷயம் ஊருக்கே வந்துவிட்டது. சம்சுதீன் டீக்கடையில் மேசை விசிறி ஒரு காதல் பாட்டை நாற்பத்தேழு நொடி பாடி, அதற்குமேல் டவுன்லோடு ஆகாத பாட்டு என்பதால் ஏதோ ஒரு இலவசத் தளத்தின் பெயரைப் பெண் குரலில் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது; தெற்குத் தெரு இரும்பு கேட்டுகள் திறக்கும்போது பல்லவியும் சாத்தும்போது சரணமும் பாடின; கறிக்கடை முத்தையா கத்தியைத் தீட்டத் தீட்ட அது முருகனுக்கு அரோகரா போட்டது; டவுன் பஸ் பின்னால் நகரும்போது தாலாட்டுப் பாட, ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டி எங்கேயோ போய் முழித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நின்று ஆச்சரியப்பட நேரம் கிடையாது. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் ஒரே ஒருவர், கரண்டு ஆபீஸ் லைன்மேன். அவரும் மீட்டர் கூடுதலாக ஓடவில்லை என்று தெரிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கிருந்து வருகிறது என்பது உச்சிமாகாளிக்குத் தெரியும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒவ்வொரு பாட்டும் தன் வீட்டுப் பாட்டு என்று அடையாளம் தெரிந்தது, ஏனென்றால் முப்பது வருஷமாக 'வைரம் சவுண்ட் சர்வீஸ்' என்ற பெயரில் விசேஷங்களுக்கு மைக் செட் கட்டி அவர் சேர்த்த பாட்டுகள் அவை. கேசட்டில் சேர்த்ததை சிடிக்கு மாற்றினார், சிடியிலிருந்து பென்டிரைவுக்கு, பென்டிரைவிலிருந்து டிஸ்குக்கு. மாற்றும்போது பழையதில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. அதுவுமில்லாமல் ரெண்டு ரேடியோ செட்காரர்கள் ஒரு கோயில் கொடையில் சந்தித்துக்கொண்டால், மற்றவர்கள் வெற்றிலை மாற்றிக்கொள்வது மாதிரி பாட்டு மாற்றிக்கொள்வார்கள், வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. இப்படியாக ஒரே அம்மன் பாட்டு பதினாறு இடத்தில் இருந்தது. கொடை, கல்யாணம், சடங்கு, எழவு, கட்சி என்று ஐந்து ஃபோல்டர். ஐந்தையும் சுமந்த அந்த டிஸ்கை மஞ்சள் துணியில் சுற்றி எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு, வயர் செருகுகிற ஓட்டையில் அடைத்த சந்தனத்தை மறுவாரம் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டவேண்டிவரும். இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், "தாலிய ஒருத்தன் ரெண்டா கட்டுவானாவே?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் அழிக்கத் துணிந்தது மகளால்தான். மாலதிக்குச் சித்திரையில் கல்யாணம் முடிந்தது, வீடியோக்காரர் கொடுத்த படம் ஐம்பது ஜிபி, டிஸ்கில் ஒரு ஜிபிகூட இடம் இல்லை. "பெத்த மவ கல்யாணத்துக்கு இடம் இல்ல, ஊர்ப்பட்ட எழவுப் பாட்டுக்கு இடம் இருக்கோ?" என்று மனைவி சண்முகக்கனி கேட்டதும், மருமகன் போனில் சொல்லச் சொல்ல, ஒரே பாட்டு ரெண்டு இருந்தால் கண்டுபிடிக்கிற மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அது ரெண்டு மணிநேரம் தேடி, பதினோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளுக்குத் தானே டிக் போட்டு, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். கனி கொண்டுவந்து வைத்த காப்பியைப் பாதி குடித்திருந்தபோதுதான் அவருக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது, மீதிக் காப்பியை வைத்துவிட்டுக் காலியான குப்பைத் தொட்டியைத் திறந்து தேடினார்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம், அம்மன் கொடைக்கு வரவேண்டிய பாட்டுக் கச்சேரிப் பாடகி பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டாள். கூட்டம் கல்லெறியத் தயாரானபோது கனியின் மதினிமார்கள் அவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். இருபத்திரண்டு வயதுக் கனி, அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்தாள்:

சித்திர வெயிலே சித்திர வெயிலே செத்த நேரம் நில்லு
தட்டுல காயுற வத்தலப் போலத் தவிக்கிறேன் நான் சொல்லு

மூன்றாவது அடி வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டே, "அய்யய்யோ, மறந்துபோச்சே" என்றாள். அது நாலு ஒலிபெருக்கிக் குழாயிலும் ஊருக்குக் கேட்டது. ஊர் சிரித்தது, எவனோ விசிலடித்தான், நாங்களும் அந்தச் சிரிப்பில் இருந்தோம், இல்லை என்று சொல்லமாட்டோம். இறங்கி வந்த கனி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கேசட் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அத இப்பவே என் கண்ணு முன்னால எரிங்க" என்றாள். உச்சிமாகாளி எரித்தார். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வந்ததில்லை. மாலதிக்குத் தாலாட்டுகூட ரேடியோதான் பாடியது.

ஆனால் எரிந்தது வேறு கேசட், யாரோ ஒரு கட்சிப் பேச்சாளரின் ரெண்டு மணிநேரப் பேச்சு. கனியின் பாட்டை அவர் ஒளித்து வைத்தார், ஒளித்த இடம்தான் அவருடைய சாமர்த்தியம்: அந்த சினிமாப் பாட்டின் பெயரையே இதற்கும் எழுதி, அதற்குப் பக்கத்திலேயே வைத்தார். கேசட்டானாலும் சிடியானாலும், ஃபோல்டரை மட்டும் மாற்றி வைத்த ஃபைலானாலும் ரெண்டும் ஒரே பெயரில் இரட்டைப் பிள்ளைகளாகக் கூடவே வந்தன, கனி தூசி தட்டும்போது பத்துத் தடவை பார்த்தாலும் சந்தேகம் வராது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் குழாய் கட்டி முடித்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத்தான் முதலில் கேட்பார். "என்னண்ணாச்சி கேக்கீக?" என்றால், "டெஸ்டிங்" என்பார். ஒரே பெயரில் ரெண்டு இருந்தால் சின்னதை அழிக்கிற மென்பொருளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

ஆக, பாட்டு அழிந்துபோயிருந்தால் உச்சிமாகாளி ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார், அதோடு போயிருக்கும். அது அழியவில்லை, ஊருக்குள் ஏதோ ஒரு சாமானுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, என்றைக்காவது வாயைத் திறக்கும், கனி காதில் விழும், இருபத்தாறு வருஷப் பொய் அன்றைக்கு நடுத்தெருவுக்கு வரும். அதற்குமுன் அதைக் கண்டுபிடித்து என்ன விலை கொடுத்தாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார்.

ஊர் அதற்குள் பாட்டோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டிருந்தது. லூர்துமேரி டீச்சர் தன் ஐயப்பன் மிக்சியை, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கிரைண்டர் வைத்திருந்த கீழவீட்டுக் குருசாமிக்குக் கொடுத்து மாற்றிக்கொண்டார்; அப்புறம் சந்தைக்குப் பின்னால் சனிக்கிழமைதோறும் சாமான் மாற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் கூடியது. முத்தையா வெள்ளிக்கிழமை கத்தி தீட்டுவதை நிறுத்தினார். சவரக்கடை மிஷின் சோகப் பாட்டுப் பாடியதால் கிராப்பு வெட்ட வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் கொஞ்சமும் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள், வெட்டு முன்னைவிட நன்றாக அமைந்தது. மேலத் தெருவில் மூன்று வீட்டு மிக்சிக்குள்ளும் ஒரே டூயட் புகுந்து, ஒன்றுக்கொன்று அரை நொடி பிந்திப் பாடித் தெருவுக்கே தலைவலி வந்ததால், மூன்று மருமகள்களும் உட்கார்ந்து பேசிச் சட்னிக்கு நேரம் பிரித்துக்கொண்டார்கள். அதற்குமுன் மூவரும் ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, "ஒங்க வீட்டு கிரைண்டர் என்ன பாடும்?" என்று கேட்டார்கள், எழவு ஃபோல்டர் பாட்டு என்றால் பஜ்ஜியோடு எழுந்துவிட்டார்கள். பேரூராட்சி அலுவலகத்து ரப்பர் ஸ்டாம்பு ஒரு குத்துக்கு ஒரு வார்த்தையாகப் பாடியது. கிளார்க் அடுத்த வார்த்தை என்ன, அடுத்த வார்த்தை என்ன என்று குத்திக்கொண்டே போனதில், மூன்று வருஷமாகக் கிடந்த மனுக்கள் எல்லாம் ஒரே நாளில் பைசல் ஆயின. பாட்டு முடிந்ததும் அவர் பழையபடி ஆகிவிட்டார்.

இப்படி எல்லாரும் சுகமாக இருந்த நேரத்தில் பாட்டுக்குச் சொந்தக்காரர் நோட்டோடு வந்து நின்றால் யாருக்குப் பிடிக்கும்? கொடுத்த பாட்டைத் திருப்பி எடுக்க வருகிறார் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் மிக்சிகள் பீரோவுக்குள் போயின. "எங்க வீட்டுல ஒண்ணும் பாடல அண்ணாச்சி, நாங்க உண்டு எங்க வேல உண்டுன்னு கெடக்கோம்" என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தலைக்குமேல் சீலிங் ஃபேன் முழுத் தொண்டையில் ஒரு கானாவை எடுத்துவிட்டது. ரெண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி வெயிலைப் பற்றிப் பேசி முடித்தார்கள்.

பன்னிரண்டு நாள் அலைந்து நோட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாட்டைக் குறித்தார், கனியின் பாட்டு மட்டும் இல்லை. வீட்டில் கனி, "என்ன, ஊர்க் கணக்கெடுப்பு ஒங்களுக்கு ஒப்படைச்சிருக்காகளோ? மவ கல்யாணப் படம் இன்னும் பென்டிரைவுலயே கெடக்கு" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார்.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, கம்பிச்சுருள் எரிந்து ரெண்டு வாரமாக ஓடாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டி மோட்டார் சரியாகிவிட்டது என்று ஆபரேட்டர் கொம்பையா சொல்லியனுப்ப, ஊர்ப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். கனி ஏழாவது ஆள். உச்சிமாகாளி நோட்டோடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார். கொம்பையா சுவிட்சைப் போட்டார், மோட்டார் ஒரு தடவை செருமிக்கொண்டது, அப்புறம் ஒரு சின்னப் பெண்ணின் மெல்லிய குரல், லேசாக நடுங்கிக்கொண்டு, சித்திர வெயிலே சித்திர வெயிலே என்று ஆரம்பித்தது. உச்சிமாகாளி நின்ற இடத்திலேயே நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ரெண்டாவது அடி முடிந்தது. "அய்யய்யோ, மறந்துபோச்சே" என்றது மோட்டார். உள்ளே ஒரு ஊரே சிரித்தது, விசில் பறந்தது. வெளியே வரிசையும் சிரித்தது. மோட்டார் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

தண்ணீர் நாற்பது நிமிஷம் வரும். நாற்பது நிமிஷமும் அந்தப் பெண் பாடிப் பாடி அதே இடத்தில் மறந்தாள். பத்தாவது தடவைக்குமேல் யாரும் சிரிக்கவில்லை, பாவமாக இருந்தது. இருபதாவது தடவை, "யாராவது அந்தப் பிள்ளைக்கு எடுத்துக் குடுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, நாலைந்து பேர் மூளையைக் கசக்கிக்கொண்டார்கள், ஒருத்திக்கும் மூன்றாவது அடி ஞாபகம் வரவில்லை. அது கனியின் குரல் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறதே. கனியின் குடம் நிறைந்து வழிந்து அவள் காலை நனைத்து ஓடியது. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனைத் தாண்டி, அவர் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனாள்.

அவர் பின்னாலேயே போனார்.

"அந்தக் கேசட்ட எரிச்சீங்கல்லா? என் கண்ணு முன்னால?"

"எரிச்சேன். எரிச்சது... கட்சிப் பேச்சு."

கனி குடத்தை இறக்கி வைத்தாள். "அப்ப இம்புட்டு வருசமா வச்சிருந்தீங்க."

"ஆமா."

"கேட்டீங்களா?"

"எல்லா விசேசத்துலயும். டெஸ்டிங்குக்கு."

அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, குடத்தைப் பார்த்தார். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குப் பழக்கம்தான், அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "பெறகு அது எப்படி மோட்டாருக்குப் போச்சு?"

"டூப்ளிகேட்டுன்னு நெனைச்சு கம்ப்யூட்டர் அழிச்சிட்டுது கனி. நா கவனிக்கல. சினிமாப் பாட்டு பேருலயே வச்சிருந்தேனா, அதான்..."

இதற்குத்தான் அவள் சீறினாள்.

"எது டூப்ளிகேட்டு?"

உச்சிமாகாளி நோட்டைக் கீழே வைத்தார்.

"சினிமாவுல பாடுனவ ஒரிஜினலு, நா டூப்ளிகேட்டோ? அவ பாட்டு பத்திரமா டப்பாவுல இருக்கு, பொட்டு வச்சுப் பூச பண்ணுதீங்க. ஒங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவ பாட்டு மோட்டார் ரூமுல தண்ணி எறைக்குது! வச்சிருந்தீங்களே, சரி, அத நா மன்னிச்சிருவேன். அழிச்சீங்க பாருங்க!"

இது தெருமுனை வரை கேட்டது, அதனால்தான் மோட்டாரில் பாடுவது யார் என்று ஊருக்குத் தெரிந்தது. கனி அதற்கப்புறம் பேசவில்லை. சோறு வந்தது, காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. ஊர் ஒட்டுமொத்தமாகக் கனி பக்கம் நின்றது. சம்சுதீன்கூட டீயை அவர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தார். அன்றைக்குச் சிரித்தவர்கள் நாங்கள் என்பதை நாங்கள் யாரும் எடுத்துப் பேசவில்லை.

எங்கள் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அடுத்த தண்ணீர் நாளில் விடிந்ததும் உச்சிமாகாளி மோட்டார் ரூம் வாசலில் ஸ்டாண்டை நட்டு, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல மைக்கை மாட்டி, வயரை இழுத்து, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். புகுந்த பாட்டு சாமானை விட்டு வெளியே வராது என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஆனால் கேட்கிற பாட்டைப் பதிவு செய்யத் தெரியாதவனா ரேடியோ செட்காரன்? குடம் வைத்திருந்தவர்கள், வைத்திராதவர்கள், ரப்பர் ஸ்டாம்பு கிளார்க் உட்பட எல்லாரும் வந்துவிட்டார்கள். கனியும் வந்தாள், குடத்தோடு, தண்ணீருக்கு வந்தவள் மாதிரி.

"யாரும் இருமக்கூடாது" என்றார் உச்சிமாகாளி. கொம்பையா சுவிட்சைப் போட்டார்.

அந்தப் பெண் பாடினாள். வெயிலை நிற்கச் சொன்னாள், வத்தலைப் போலத் தவித்தாள், மறந்துபோச்சே என்றாள். உள்ளே பழைய ஊர் சிரித்தது. வெளியே நாங்கள் சிரிக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிரிப்பு ஓய்ந்து, மோட்டார் மறுபடியும் ஆரம்பிக்கிறதற்கு முன்னால் உள்ள அந்த ஒரு நொடி இடைவெளியில், ஏழாவது குடத்துக்குப் பின்னால் இருந்து, கொஞ்சம் கரகரப்பாக, நாற்பத்தெட்டு வயதுக் குரல் ஒன்று எடுத்தது:

எட்டூரு தாண்டி வாரவருக்கு எந்தப் பக்கம் நெழலு?

மோட்டார் திரும்ப ஆரம்பிக்கவில்லை. அதற்குத் தெரிந்தது ரெண்டு அடிதான், மிச்சத்தைக் கேட்டுக்கொண்டு சத்தமில்லாமல் தண்ணீரை இறைத்தது. கனி நாலாவது அடியைப் பாடினாள், சரணத்தைப் பாடினாள், ரெண்டாவது சரணத்தில் ஒரு வார்த்தை மாறிப்போனதைக் கண்டுகொள்ளாமல் பாடி முடித்தாள். லூர்துமேரி டீச்சர்தான் முதலில் விசிலடித்தார், அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். உச்சிமாகாளி ஹெட்போனைக் கழற்றவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை, ரெண்டு கையும் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து டிபன் டப்பாவைத் திறந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, டிஸ்கைச் செருகினார். கனி பின்னால் வந்து நின்றாள். ரெண்டு நாளைக்கு அப்புறம் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை: "பேர் என்ன போடப்போறீங்க?"

அவர் 'சண்முகக்கனி' என்று தட்டப் போனார்.

"பாட்டுப் பேரப் போடுங்க" என்றாள்.

போட்டார். கம்ப்யூட்டர் யோசித்து, அதன் வழக்கப்படி கேட்டது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா?

உச்சிமாகாளி மவுஸில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். அந்த சினிமாப் பாட்டு அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் கேசட்டில் இருந்து வந்தது. கனி குனிந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அவர் விரலுக்குமேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

மறுநாள் காலை உச்சிமாகாளி வீட்டுக் கக்கூஸ் கதவைத் திறந்தபோது, துருப்பிடித்த அந்தக் கீல், நாடே கொண்டாடிய தேன் குரலில், முப்பது வயலின்கள் பின்னால் இழைய, சித்திர வெயிலை நிற்கச் சொன்னது. அவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அடுப்படியிலிருந்து கனியின் குரல் வந்தது: "யாருங்க அது, டூப்ளிகேட்டா பாடுதா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.